உன் காரில் கத்திய குருவி

கூட்டாளி,

உன் காரின் போனட்டைத் தூக்கினேன். எண்ணெய் வாசனை வரவில்லை, சவர்க்கார வாசனைதான் வந்தது. துணி துவைக்கிற மஞ்சள் கட்டிச் சவர்க்காரம். எஞ்சின் சூட்டில் இளகி, பக்கத்தில் யாரோ துணி அலசிக் காயப் போட்ட மாதிரி மணத்தது. எஞ்சினை நிறுத்தச் சொல்லி பெல்ட்டை விரலால் தடவினேன். வழவழவென்று இருந்தது. உன் வீட்டுக்காரி பக்கத்தில் நின்றுகொண்டு, எங்கள் ஃப்ளாட்டின் மேல் மாடியில் எதையோ தேடுகிறவள் மாதிரி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

சவர்க்காரத்தைக் கண்டால் உனக்கு எப்படிக் கோபம் வரும் என்று நினைத்தேன், சிரிப்பு வந்துவிட்டது. பெல்ட் கத்துகிறது என்று வருகிறவர்கள், வருகிற வழியிலேயே சவர்க்காரத்தைத் தேய்த்துவிட்டு வருவார்கள். நீ துணியை எடுத்துத் துடைத்துக்கொண்டே, “வாயப் பொத்திட்டு எங்க வலிக்குதுன்னு கேட்டா அது எப்படிலா சொல்லும்?” என்பாய். அதையே நானும் உன் வீட்டுக்காரியிடம் சொன்னேன். அவள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றுபோனது.

இதை நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். எனக்கு எழுத்து வராது என்பது உனக்குத் தெரிந்ததுதான். என் பேச்சைக் கொஞ்சம் தலை வாரிப் பொட்டு வைத்துத்தான் எழுதுவாள். நீ கண்டுகொள்ளாதே.

உனக்குத் தெரியாத சேதி ஒன்று உண்டு. தங்கச்சி, உன் வீட்டுக்காரிதான், இப்போது கார் ஓட்டுகிறாள். நீ இருந்தவரைக்கும் அவளை ஸ்டியரிங் பக்கம் விட்டதில்லை. “பொம்பள ஓட்டுனா கிளட்ச் தேஞ்சிரும்” என்று பட்டறையில் உட்கார்ந்து பெரிய நியாயம் பேசுவாய். நானும் கூட உட்கார்ந்து தலையாட்டியவன்தான். நீ போன பிறகு அவள் யாரையும் கேட்கவில்லை. ஓட்டுநர் பள்ளியில் சின்னப் பெண்களோடு சேர்ந்து உட்கார்ந்து படித்தாள். முதல் தடவை மேட்டில் கார் பின்னால் உருண்டுவிட்டது என்று திருப்பி அனுப்பினார்கள். மறுபடி போய் லைசென்ஸ் எடுத்துக்கொண்டு வந்தாள். கிளட்ச் அப்படியேதான் இருக்கிறது, நான் பார்த்துவிட்டேன். நீ ஓட்டியபோதுதான் அது தேய்ந்தது.

இப்போது காய்கறி வாங்கப் பாசாருக்கு அவளே போகிறாள். வெள்ளிக்கிழமை தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போய் அடிவாரத்தில் நிறுத்திவிட்டுப் படி ஏறுகிறாள். எல்லாவற்றுக்கும் மேலே, நிபோங் திபாலில் படுத்த படுக்கையாக இருக்கிற அவளுடைய அக்காளைப் பார்க்கக் கடல் மேல் போகிற பாலத்தைத் தாண்டித் தனியாகப் போய் வருகிறாள். அக்காளுக்குத் தலை வாரிவிட, கஞ்சி ஊட்ட வேறு ஆள் இருக்கிறது. ஆனால் தங்கை வந்தால்தான் அந்த அம்மா வாயைத் திறந்து பேசுகிறதாம். பஸ் மாறி மாறிப் போனால் பாதி நாள் ரோட்டிலேயே போய்விடும்.

உன் மகனுக்கு அந்தப் பாலம்தான் பயம். நல்ல பையன், குறை சொல்ல மாட்டேன். பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை, ஷிஃப்ட் ஷிஃப்டாகப் போகிறான். கார் கத்த ஆரம்பித்ததும் அவனே பட்டறைக்குக் கொண்டுபோனான். பெல்ட்டை மாற்றினார்கள். கொஞ்ச நாள் அடங்கியது, மறுபடி கத்தியது. மறுபடி பெல்ட், மறுபடி கொஞ்ச நாள். இப்படியே போனதில் அவனுக்கு நம்பிக்கை விட்டுப்போனது. கார் கிழடாகிவிட்டது, இதற்கு மேல் இதில் உயிர் இல்லை என்று முடிவு கட்டி, வாங்குவதற்கு ஓர் ஆளையும் பிடித்துவிட்டான். அந்த ஆள் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாக ஏற்பாடு. வேறு கார் வாங்கித் தருவாயா என்று தாய் கேட்டாள். நான் லீவு நாளில் கூட்டிப் போகிறேன் என்றான். அவனுடைய லீவு எப்போது வரும் என்று அவனுக்கே தெரியாது.

வியாழக்கிழமை காலையில் அவள் காரை ஓட்டிக்கொண்டு எங்கள் ஃப்ளாட்டுக்கு வந்ததும் அதற்குத்தான். பின்னாலேயே அவன் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தான். இருவரும் பேசி முடித்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள்.

“அண்ணே, நீங்க பாத்து இது தேறாதுன்னு சொன்னீங்கன்னா இவன்கிட்ட சாவியக் குடுத்துர்றேன். வேற யாரு சொன்னாலும் குடுக்க மாட்டேன்.” குரல் ஏறவே இல்லை. பிறகு காரின் கூரையில் கையை வைத்துக்கொண்டு சொன்னாள். “அவரு இருந்தப்ப ஓட்ட விடல. இப்ப இவன் விடமாட்டேங்குறான்.”

அது உனக்குச் சொன்னது, கூட்டாளி. நான் வாங்கி இங்கே வைத்திருக்கிறேன்.

உன் மகன் என்னைத் தனியே ஓரமாகக் கூட்டிப் போனான். “மாமா, பாலத்து நடுவுல நின்னுருச்சுன்னா யாரு போவா? நான் ஃபேக்டரிக்குள்ள இருந்தா போனக்கூட எடுக்க முடியாது” என்றான். அவன் கண்ணில் பொய் இல்லை. அவனிடம் ஒன்று சொன்னேன். இந்தச் சத்தம் காரை நிறுத்துமா, நிறுத்தாதா என்று தெரிந்துகொள்வோம். நிறுத்தும் என்றால் நானே உன் அம்மாவிடம் சாவியை வாங்கித் தருகிறேன். நிறுத்தாது என்றால் நீ அந்த ஆளுக்குப் போன் போட்டு வர வேண்டாம் என்று சொல்ல வேண்டும். சரி என்றான்.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

நீ போன பிறகு என் காதில் மெல்லிய சத்தமெல்லாம் ஒவ்வொன்றாக நின்றுவிட்டது. லாரி கேட்கும், இடி கேட்கும், மருமகள் சாப்பிடக் கூப்பிட்டால் கேட்கும். கொசு கடித்த பிறகுதான் வந்திருப்பது தெரியும். துணியால் சவர்க்காரத்தைத் துடைத்த பிறகு தங்கச்சி எஞ்சினை முடுக்கினாள். உன் மகன் முகத்தைச் சுளித்தான். மேல் மாடியிலிருந்து யாரோ எட்டிப் பார்த்தார்கள். எனக்கு மட்டும் எஞ்சினின் அடித் தொண்டைதான் கேட்டது, அதுவும் நல்லபடியாக.

“மாமா, ஒங்களுக்குக் கேக்குதா?” என்றான் அவன்.

“எனக்குக் கேக்கல. ஒங்கம்மாவுக்குக் கேக்குதுல்ல, அது போதும்.”

சும்மா வாய் வீச்சுக்குச் சொல்லவில்லை. நம் வழக்கமே அதுதானே? ஒருவன் கேட்பான், ஒருவன் தொடுவான். 

அந்த வழக்கம் எப்படி வந்தது என்று நினைத்தால் இன்னும் சிரிப்புத்தான். ஆயர் ஈத்தாமில் ஒரே கொட்டகையில் நான் எஞ்சின் வேலை, நீ வயரிங் வேலை. நடுவில் சுண்ணாம்புக் கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் எண்ணெயும் ஸ்பேனரும், அந்தப் பக்கம் பேட்டரியும் ஒயரும். உன் பக்கத்து வேலையை நான் தொட மாட்டேன், என் பக்கத்து வேலையை நீ தொட மாட்டாய். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, பெல்ட் கத்துகிற கார் வரும் வரைக்கும். பெல்ட் எஞ்சினைச் சேர்ந்தது, அதனால் என்னுடையது. பேட்டரிக்கு மின்சாரம் ஊட்டுகிற ஆல்டர்நேட்டர் உன்னுடையது. அதன் மூக்கில் மாட்டியிருக்கிற புல்லி, பெல்ட்டைப் பிடித்துச் சுழல்கிற அந்த வரிப்பள்ளச் சக்கரம், அது யாருடையது? 

ஒரு சீன டாக்சிக்காரர் வந்தார். நான் ஆல்டர்நேட்டர் பக்கம் என்று உன்னிடம் அனுப்பினேன். நீ பெல்ட் பக்கம் என்று என்னிடம் திருப்பி அனுப்பினாய். மனுஷன் பொறுத்துப் பார்த்தார். பிறகு காரை நேராக ஓட்டிவந்து சுண்ணாம்புக் கோட்டின் மேல் முன் சக்கரங்கள் ஆளுக்கொரு பக்கமாக இருக்கும்படி நிறுத்தி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எதிர்க் கடைக்குக் காப்பி குடிக்கப் போய்விட்டார். நீயும் சரி, அவனும் சரி, என் கார் மட்டும்தான் தப்பு என்று போகிற போக்கில் மலாயில் சொன்னார். வழி அடைபட்டு வேறு கார் உள்ளே வர முடியவில்லை. நாம் இருவரும் ஒரே போனட்டுக்குள் முதல் தடவையாகத் தலையை நுழைத்தது அன்றைக்குத்தான். சேர்ந்தே பார்க்கிறோம் என்று சொல்லிச் சாவியை வாங்கி எஞ்சினை முடுக்கினோம். நீ தலையைச் சாய்த்துக் கேட்டு, “இங்க” என்றாய். நான் கையை வைத்தேன். அதற்குப் பிறகு பெல்ட் கத்தினால் இருவரும் சேர்ந்துதான் நிற்பது என்று ஆனது. கோடும் எண்ணெய் பட்டு அழிந்தது. யாரும் திருப்பிப் போடவில்லை.

இப்போது உன் இடத்தில் தங்கச்சியை நிறுத்தினேன்.

அவள் கேட்டுச் சொன்னது போல நீகூடச் சொன்னதில்லை என்பேன். கோபித்துக்கொள்ளாதே. நாளெல்லாம் அந்தச் சத்தத்தோடு ஓட்டியவள் அல்லவா. குருவி மாதிரி கீச் கீச்சென்று விட்டு விட்டுக் கத்துகிறது, இழுத்துக் கத்தவில்லை என்றாள். பெடலை மிதித்தால் குருவி வேகமாகக் கத்தும், ஆனால் குரல் மாறாது. ஏர்கான் போட்டாலும் ஒன்றுதான், போடாவிட்டாலும் ஒன்றுதான். சவர்க்காரம் போட்டால் பாலம் தாண்டுகிற வரைக்கும் தாங்கும். பேட்டரி விளக்கு எரிந்ததா என்று கேட்டேன். ஒரு நாளும் எரியவில்லை என்றாள். எனக்கு அப்போதே பாதித் தெம்பு வந்துவிட்டது.

முதலில் மிச்சச் சவர்க்காரத்தையும் கழுவித் துடைத்தோம். பெல்ட்டைத் திருகி உள்பக்க வரிகளைப் பார்த்தேன். வெடிப்பு இல்லை, புதுசு. மறுபடி எஞ்சினை முடுக்கச் சொல்லி, நீளத் திருப்புளியின் நுனியை ஆல்டர்நேட்டர் உடம்பில் ஊன்றி, கைப்பிடியை என் தாடையில் வைத்துக்கொண்டேன். பேரிங் போயிருந்தால் மணல் அரைபடுகிற மாதிரி பல்லில் தெரியும். அதற்குக் காது வேண்டாம். பல்லும் எனக்கு முழுசாக இல்லைதான், இருக்கிற பல்லுக்குச் சேதி வந்தது. பட்டு மாதிரி ஓடியது. 

பிறகு தண்ணீர் பாட்டிலின் மூடியில் ஊசியால் ஓட்டை போட்டு, கையைத் தள்ளி வைத்துக்கொண்டு, ஓடுகிற பெல்ட்டின் வரிப் பக்கத்தில் கொஞ்சம் பீச்சினேன். தங்கச்சியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். புருவம் இறங்கியது.

“நின்னுருச்சு அண்ணே.”

எஞ்சினை நிறுத்த வேண்டாம் என்று கை காட்டினேன். தண்ணீர் காய்ந்தது. அவள் புருவம் மறுபடி ஏறியது.

இது உனக்கு விளக்க வேண்டியதில்லை, உன் மகனுக்கு விளக்கினேன். பெல்ட் தளர்ந்து வழுக்குகிறது என்றால் தண்ணீர் பட்டதும் இன்னும் கூடுதலாக வீறிடும். பெல்ட் கோணலாக ஓடுகிறது என்றால் தண்ணீர் பட்டதும் கொஞ்சம் அடங்கி, காய்ந்ததும் மறுபடி பாடும். இது கோணல். பெல்ட்டின் மேல் குற்றம் இல்லை. அது ஓடுகிற பாதையில் ஏதோ ஒரு புல்லி வரிசையை விட்டு விலகி உட்கார்ந்திருக்கிறது. புதுப் பெல்ட் மாட்டினால் வரிகள் கூர்மையாக இருக்கிறவரைக்கும் பொறுத்துக்கொள்ளும், ஓரம் தேய்ந்ததும் கத்தும். பட்டறைக்காரர்கள் பெல்ட்டை மாற்றியதும் சத்தம் நின்றது, அதனால் பெல்ட்தான் என்று நினைத்தார்கள். நாமாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்போம்.

எஞ்சினை நிறுத்திவிட்டுத் தூண்டில் நரம்பை எடுத்துவந்தேன். ஒரு நுனியை அவன் கையில் கொடுத்து, கீழே எஞ்சின் புல்லியின் முகத்தோடு ஒட்டி, மேலே ஆல்டர்நேட்டர் புல்லி வரைக்கும் இழுத்துப் பிடிக்கச் சொன்னேன். என் கண்ணுக்கு அந்த நரம்பு இருக்கிறதா இல்லையா என்பதே சந்தேகம். அவன் குனிந்து வெகுநேரம் பார்த்தான். கீழே ஒட்டியிருக்கிறது, மேலே ஒட்டவில்லை, புல்லி உள்ளே தள்ளி இருக்கிறது என்றான். எவ்வளவு என்றேன்.

“ஒரு தீக்குச்சித் தடிமன் இருக்கும் மாமா.”

தீக்குச்சித் தடிமன். அந்த வார்த்தை காதில் விழுந்ததும் எனக்கு உன் முதுகு தெரிந்தது. கொட்டகையின் பின்பக்கம், குந்திக்கொண்டு, கண்ணாடித் துண்டின் மேல் எதையோ அரைத்துக்கொண்டிருந்த முதுகு.

இதே காருக்குத்தான். உன் ஆல்டர்நேட்டர் செத்துப்போய், அக்கரையில் ஹாஃப்-கட் கடையில், வெளிநாட்டிலிருந்து பாதியாக வெட்டிக் கொண்டுவந்து குவித்திருக்கிற பழைய கார்களுக்கு நடுவில் தேடி, ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாய். எல்லாம் பொருந்தியது. மூக்கு மட்டும் குட்டை. புல்லி தீக்குச்சித் தடிமனுக்கு உள்ளே போய் உட்கார்ந்தது, பெல்ட் கத்தியது. நான் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வேறு வாங்கிவா என்றேன். வேண்டாம், பின்னால் ஒரு வளையம் கொடுத்தால் புல்லி முன்னால் வந்துவிடும் என்றாய். ஏதோ ஒரு மோட்டார் சைக்கிளின் தடித்த வாஷரை எடுத்து, துளையை அகட்டி, வால்வு தேய்க்கிற பசையைக் கண்ணாடியில் தடவி, அதன் மேல் வட்டம் வட்டமாகத் தேய்க்க ஆரம்பித்தாய். இரண்டு பக்கமும் ஒரே மட்டமாக இருக்க வேண்டும், ஒரு மயிரிழை சரிந்தாலும் புல்லி தலையாட்டும். மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. 

“என்னலா, தோசைக்கு மாவரைக்கிறியா?” என்று கேட்டேன். 

“ஆமா, ஒனக்குத்தான். வேகுற வரைக்கும் வாய மூடிட்டு இரு” என்றாய், திரும்பிப் பார்க்காமலேயே.

அரைத்து முடித்து, கூர் உளியை வைத்து, ஒரு பக்கத்தில் ஒரே ஒரு தட்டு. ஒரு புள்ளி.

அந்தப் புள்ளி எனக்காக. அதுவும் நம் இருவருக்குள் மட்டும் இருந்த வழக்கம். முன்பெல்லாம் கழற்றிய சாமானில் நீ காகித டேப்பை ஒட்டி, இது வெளிப் பக்கம், இது உள் பக்கம் என்று எழுதி வைப்பாய். எனக்கு அது கரப்பான் நடந்த தடம் மாதிரி. ஒரு தடவை எழுத்தைப் பார்த்தும் ஒன்றும் விளங்காமல் ஒரு மூடியைத் திருப்பி மாட்டிவிட்டேன். எண்ணெய் ஒழுகியது. நீ திட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. டேப்பைக் கிழித்துப் போட்டுவிட்டு உளியை எடுத்தாய். புள்ளி இருக்கிற பக்கம் வெளியே பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என்றாய். அன்றிலிருந்து நம் கொட்டகையில் டேப்பு கிடையாது, எல்லாம் புள்ளிதான். வாடிக்கையாளர் கேட்டால், அது கம்பெனிப் புள்ளி என்று முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு சொல்வாய்.

இத்தனையும் ஒரு மூச்சில் எனக்கு நினைவில் ஓடியது. தங்கச்சியிடம் கேட்டேன், இந்த ஆல்டர்நேட்டரை யாராவது கழற்றினார்களா என்று. போன தீபாவளிக்கு முன்னால் பேரிங் போய்விட்டது, பட்டறையில் புதுசு போட்டார்கள் என்றாள். எல்லாம் சேர்ந்து வந்தது. பேரிங்கை நன்றாகத்தான் போட்டிருக்கிறார்கள், என் பல்லே சாட்சி. ஆனால் அந்த மாதிரிக் காரில் புல்லிக்குப் பின்னால் வளையம் கிடையாது. யாரோ பிழையாக மாட்டியது என்று ஒதுக்கிவிட்டுப் பூட்டியிருப்பார்கள். இதில் யாரைக் குற்றம் சொல்ல? நீயும் நானும் ஒருவரிடமும் சொல்லவில்லையே.

உன் மகனிடம் விஷயத்தைச் சொன்னேன். கார் சாகவில்லை, ஒரு வளையம் காணாமல் போயிருக்கிறது, அவ்வளவுதான். “வளையம் எங்க மாமா கெடைக்கும்?” என்றான். கடையில் கிடைக்காது என்று எனக்குத் தெரியும். உன் அப்பன் செய்தது என்றேன். அவன் என் கையைப் பார்த்தான். கை நடுங்கத்தான் செய்தது. கண்ணாடி இருக்கிறது, பசை வாங்கலாம், ஆனால் மயிரிழை சரியாமல் இந்தக் கை அரைக்குமா? ஞாயிற்றுக்கிழமை வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. எதற்கும் ஆல்டர்நேட்டரைக் கழற்றித் துளையின் அளவையாவது எடுப்போம் என்று சொன்னேன்.

கழற்றுவதற்கு முன்னால் சாவியைக் கேட்டேன். நம் சட்டம் மறக்குமா? கை உள்ளே போகிறவனுடைய பையில்தான் சாவி இருக்க வேண்டும். தங்கச்சி காருக்குள் குனிந்து சாவியை உருவிக்கொண்டு வந்து என் உள்ளங்கையில் வைத்தாள். பையில் போடப் போனேன். சாவியில் மஞ்சள் கயிற்றால் ஓர் இரும்பு வளையம் கட்டியிருந்தது. என் கட்டைவிரல் அதன் மேல் ஓடியது. ஓடிய விரல் ஓரிடத்தில் நின்றது.

புள்ளி.

நான் திருப்பித் திருப்பித் தடவினேன். கண்ணால் பார்க்கவே இல்லை, பார்க்கத் தேவையும் இல்லை. அந்தப் பக்கம் வழவழப்பு. இந்தப் பக்கம் வழவழப்பு, ஓர் ஓரத்தில் உன் ஒரே தட்டு.

இது ஏதம்மா என்று கேட்டேன். பேரிங் மாற்றியபோது பட்டறைக்காரர் பழைய சாமானையெல்லாம் ஒரு பையில் போட்டுக் கொடுத்தாராம். நாமும் அப்படித்தானே கொடுப்போம், மாற்றியதற்கு அத்தாட்சியாக? பழைய பேரிங்கை அவள் தூக்கிப் போட்டுவிட்டாள். இந்த வளையத்தை மட்டும் வைத்துக்கொண்டாள். 

“இதுல அவரு கை இருந்துச்சு அண்ணே. பாத்தாலே தெரிஞ்சுது. அதான் சாவில கட்டிக்கிட்டேன்.”

காரை ஓட்டுகிறபோதெல்லாம் அது ஸ்டியரிங்குக்குக் கீழே ஆடிக்கொண்டே இருந்திருக்கிறது. முன்னால் குருவி கத்த, அந்தக் குருவியின் வாயை அடைக்கிற சாமான் அவள் முழங்காலுக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டு இருந்திருக்கிறது.

நான் சொன்னேன். இது உள்ளே போக வேண்டும் என்றேன். அவள் உடனே கொடுக்கவில்லை. என் கையிலிருந்து சாவியை எடுத்து, வளையத்தை மூடிப் பிடித்துக்கொண்டாள். உள்ளே போனால் திரும்பப் பார்க்க முடியாதா என்று கேட்டாள். புல்லிக்குப் பின்னால் மறைந்திருக்கும், யார் கண்ணுக்கும் தெரியாது என்றேன். மறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

“அவரு இத அழகுக்காச் செஞ்சாரு? ஓடுறதுக்குத்தானே செஞ்சாரு” என்று தனக்குள் சொல்கிற மாதிரி சொல்லிவிட்டு, பல்லால் கயிற்றின் முடிச்சை அவிழ்த்தாள்.

மிச்சமெல்லாம் வேலைதான். பேட்டரி ஒயரைக் கழற்றி, பெல்ட்டை எடுத்து, ஆல்டர்நேட்டரை இறக்கினோம். ஸ்பேனர் உன் மகன் கையில், வாய் மட்டும் என்னுடையது. புல்லியின் நட்டு இறுகிப்போய்க் கிடந்தது. டிக்கியில் கிடந்த பழைய பெல்ட்டைப் புல்லியில் சுற்றி இறுக்கிப் பிடிக்கச் சொல்லி, ஸ்பேனரின் வாலில் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினேன். விட்டது. வளையத்தைத் துடைத்துத் தண்டில் ஏற்றும்போது அவன் கேட்டான், எந்தப் பக்கம் மாமா என்று. நீயே சொல்லு, புள்ளி எங்கே இருக்கிறது என்றேன். அவன் விரலால் தடவிக் கண்டுபிடித்தான். புள்ளி வெளியே பார்க்க வேண்டும் என்றேன். புள்ளியை வெளிப் பக்கம் திருப்பி ஏற்றினான். அவன் முகம் ஒரு மாதிரி ஆனது. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

பூட்டிவிட்டு மறுபடி நரம்பைப் பிடித்தோம். இரண்டு புல்லியின் முகத்திலும் ஒட்டியது. தங்கச்சி ஏறி உட்கார்ந்து எஞ்சினை முடுக்கினாள். எனக்கு முன்பு கேட்டதுதான் இப்போதும் கேட்டது. அதனால் கண்ணாடி வழியாக அவள் முகத்தைப் பார்த்தேன். தலையைச் சாய்த்தாள், அச்சாக நீ சாய்க்கிற மாதிரி. புருவம் ஏறவில்லை. மறுபடி பீச்சிய தண்ணீரும் காய்ந்து, பெல்ட்டும் சூடாகி, மேல் மாடிக்காரர்கள் பார்த்தது போதும் என்று உள்ளே போகிற வரைக்கும் ஓட விட்டோம். புருவம் ஏறவே இல்லை. 

உன் மகன் கொஞ்சம் தள்ளிப் போய் நின்று அந்த ஆளுக்குப் போன் போட்டான். அம்மா ஓட்டுகிற கார், விற்கிறதாக இல்லை என்று மலாயில் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. கேட்க வேண்டியது கேட்கத்தான் செய்கிறது, கூட்டாளி.

ஞாயிற்றுக்கிழமை அவள் என்னையும் ஏற்றிக்கொண்டு நிபோங் திபாலுக்குப் போனாள். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. பாலத்தின் நடு மேட்டில் காற்று காரைத் தள்ளியது. அவள் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்கவில்லை, நீ பிடிக்கிற மாதிரி நெரிக்கவில்லை. லேசாகப் பிடித்துக்கொண்டு போனாள். போனட்டைக் கண்ணால் காட்டி, “ஒங்க கூட்டாளி வாயே தொறக்கல அண்ணே” என்றாள். அதிசயம்தான் என்றேன். சாவியில் இப்போது பழைய பெல்ட்டிலிருந்து வெட்டிய ஒரு துண்டு, அதே மஞ்சள் கயிற்றால் கட்டி ஆடுகிறது. அக்காள் அன்றைக்குக் கஞ்சி முழுவதும் குடித்தது. நான் யார் என்று கேட்டது. இவரும் பட்டறைக்காரர்தான் என்றாள் உன் வீட்டுக்காரி.

சவர்க்காரத்தை நான் பறித்துக்கொண்டு வந்துவிட்டேன். பாதி தேய்ந்த கட்டி, ஒரு பக்கத்தில் பெல்ட்டின் வரி வரியாகத் தடம். எங்கள் குளியலறையில்தான் இருக்கிறது. காலையில் கை கழுவும்போது மணக்கிறது.

என் காது இன்னும் குறையும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். குறையட்டும். குருவிச் சத்தம் போன காதுக்குள் நீ, “வேகுற வரைக்கும் வாய மூடிட்டு இரு” என்று சொன்னது அப்படியே இருக்கிறது, ஒரு எழுத்துக் குறையாமல். என் கட்டைவிரலும் அப்படியே இருக்கிறது. ஊரெல்லாம் எழுதி வைத்ததை நான் படிக்கவில்லை. நீ எழுதியதைப் படித்துவிட்டேன்.

மருமகள் கீழே என் பெயரைப் போடட்டுமா என்று கேட்கிறாள். வேண்டாம் என்றேன். தாளை மடித்துக் கொடு, பேனாவைக் கொடு, வெளிப் பக்கத்தில் நானே அழுத்தி ஒரு புள்ளி வைக்கிறேன். அதைத் தடவிப் பார்த்தால் உனக்குத் தெரியும், யார் அனுப்பியது என்று, எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று.